லெஃப்ட் இன், மாற்று ஆட்டக்காரர்

மரவள்ளி லாரி வந்து நின்றால்
முதலாளி கிழங்கைத் தொட்டுப் பார்ப்பதில்லை.
தராசில் தொங்கவிட்டுத் தண்ணீரில் முக்கி
எத்தனை பாயிண்ட் என்று கேட்பார்.
இருபத்தெட்டு என்றால் ஒரு விலை,
இருபத்து நாலு என்றால் ஒரு முகம்.
கபடி அணி வாங்கி மூன்று வருடம் ஆகிறது.
தராசு மாறவில்லை.

"சேர்வராயன், எத்தனை பாயிண்ட்?"

பதினாறு ஆட்டம் உட்கார்ந்திருந்தார், ஆறில் இறங்கினார்.
மேட்டில் நின்றது அறுபத்தொரு நிமிடம்.
எடுத்தது மூன்று பாயிண்ட்.
சம்பளம் நாலரை லட்சம்.
வகுத்தால் ஒரு பாயிண்ட் ஒன்றரை லட்சம்.
இந்தக் கணக்கை நான் போடவில்லை,
முதலாளியின் மைத்துனர் கால்குலேட்டரில் தட்டி
திரையை என் பக்கம் திருப்பினார்.

நாளை மாலை ஆறு மணிக்குள் சொல்லியாக வேண்டும்,
வைப்பதா விடுவதா.

ராத்திரி மில் ஆபீசில் வீடியோ போட்டேன்.
வெளியே மாவுத் தொட்டிகளின் புளித்த வாடை,
ஆத்தூர் ரோட்டில் லாரிகள்.
ஓட்டினேன், நிறுத்தினேன், பின்னால் ஓட்டினேன்.

கார்னரில் வேலவேந்தன்.
ரெய்டரின் கணுக்காலுக்கு அவன் பாய்வது ஊருக்கே தெரியும்,
ஐந்து ரோட்டில் பேனராக நிற்கிறது.
பேனரில் அவன் வலது கை மணிக்கட்டோடு முடிகிறது.
அதற்கப்புறம் சேர்வராயனின் கை.
டிசைன் போட்டவர் வெட்டிவிட்டார்.

பாயும் நேரத்தில் அந்தக் கையை ஒருவர் விட்டாக வேண்டும்.
சீக்கிரம் விட்டால் ரெய்டர் நடுவில் புகுந்துவிடுவான்,
தாமதித்தால் பாய்ச்சல் அரை அடி குறையும்.
பிரேம் பிரேமாக எண்ணினேன்.
ஏழு, எட்டு, ஏழு, எட்டு, எட்டு.
விட்ட கையோடு நடுக்கோட்டுக்கும் ரெய்டருக்கும் இடையே
நெஞ்சைக் கொண்டுபோய் வைக்கிறார்.
விசில். பாயிண்ட் வேலவேந்தனுக்கு.

மணி இரண்டரைக்கு இன்னொன்று கண்ணில் பட்டது.
அவர் நின்ற அறுபத்தொரு நிமிடத்தில்
ரெய்டர்கள் இடது பக்கம் வந்ததே பதினோரு தடவை.
வழக்கமான ஆள் நின்றபோது, அதே நேரத்துக்கு, முப்பத்து நாலு.
வராததை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
ஷீட்டில் ஒரு புதுப் பத்தி இழுத்தேன்.
தலைப்பு தெரியாமல் "வரவில்லை" என்று போட்டேன்.

நான் அவருக்கு வக்கீல் இல்லை.
வயது முப்பத்தொன்று.
வலது முட்டி மடங்கினால் எழ நேரமாகிறது.
ஓசூர் ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில்,
யாருமே தொடாமல் தானாகக் கோட்டுக்கு வெளியே மிதித்தார்.
தோற்றோம். அதையும் எழுதினேன்.
போனஸ் கோட்டைப் பார்க்காமல் விட்ட நாலு தடவையும் எழுதினேன்.
அடியில்: வைக்கலாம், மூன்றே முக்கால்.

முதலாளி புதுப் பத்தியை விரலால் மூடிக்கொண்டு
மற்றதையெல்லாம் படித்தார். பிறகு விரலை எடுத்தார்.
"வராத லோடுக்கும் நான் காசு குடுக்கணுமா?"
சிரித்தார்.
மூன்றை விட்டுவிட்டு முக்காலை அடித்தார்.

நாகலூரிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்தார் சேர்வராயன்,
இருபது கொண்டை ஊசி வளைவும் நின்றுகொண்டே.
நகக்கண்ணில் மிளகுக் கறை.
ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்தார்.
தொகையைத் தாண்டிவிட்டு, காயம் பற்றிய வரியில் நின்றார்.

"முட்டி போச்சுன்னா?"
"முப்பது நாள் சம்பளம்."
"அப்ப முப்பது நாள்ல சரியாகற மாதிரி போகச் சொல்றேன்."

கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி வைத்தார்.
அடித்த முக்காலைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை,
புதுப் பத்தியைப் பற்றியும்.

வாழ்த்துச் சொல்லிக் கை நீட்டினேன்.
உள்ளங்கையைத் தாண்டி மணிக்கட்டைப் பிடித்தார்,
பழக்கம்.
அவர் விடும்வரை நின்றேன்.